பழைய பெட்ரோல் காருக்கு சி.என்.ஜி. கிட் போடலாமா?

கேள்வி: 2012-இல் பதிவான பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். மாதம் 500 கிலோமீட்டர் ஓடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் 14 தான் கொடுக்கிறது. சி.என்.ஜி.யில், அதாவது அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவில், வண்டியை ஓட வைக்கும் கிட்டுக்கு 62,000 ரூபாய் கேட்கிறார்கள். 14 விழுக்காடு வட்டியில் இரண்டாண்டுக் கடன் வாங்கிப் போடலாமா? மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டும் என் மைத்துனர் ஒரே ஆண்டில் போட்ட பணத்தை எடுத்துவிட்டார். வீட்டு எரிவாயு சிலிண்டரிலேயே ஓட்ட வழி செய்வதாக ஒரு மெக்கானிக்கும் சொல்கிறார். இங்கே பெட்ரோல் லிட்டர் 101, சி.என்.ஜி. கிலோ 91 ரூபாய்.
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு இந்தக் கிட் வேண்டாம், கடன் வாங்கிப் போடுவது நிச்சயமாக வேண்டாம்.

மைலேஜ் குறைந்தது உங்கள் வண்டியின் கோளாறு அல்ல. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால், பழைய கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கூறியிருந்தது. ஆனால் அதனால் உங்களுக்கு ஆகும் கூடுதல் செலவு மாதம் சுமார் 240 ரூபாய்தான். அந்த 240 ரூபாய் தந்த எரிச்சலில் 62,000 ரூபாயைச் செலவழிக்க வேண்டியதில்லை.

இப்போது கிலோமீட்டருக்கு 7.20 ரூபாய் ஆகிறது. சி.என்.ஜி. கிலோவுக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால் 4.55 ரூபாய் ஆகும். வண்டியைக் கிளப்பவும் சிலிண்டர் தீர்ந்த நேரத்துக்கும் பெட்ரோல் தேவைப்படுவதால், கையில் நிற்கும் மிச்சத்தைக் கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். கிட்டோடு இதர செலவுகளையும் சேர்த்து 65,000 ரூபாய் என்றால், அதை மீட்க 26,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். உங்கள் மைத்துனருக்கு அது 13 மாத ஓட்டம்; உங்களுக்கோ நான்கு ஆண்டுகளுக்கும் மேல். அவர் சொன்னது பொய்யல்ல, அவருடைய தூரத்துக்கு அது சரியான கணக்கு.

கடனைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. மாதத் தவணை ஏறத்தாழ 2,980 ரூபாய் வரும். கிட் மிச்சப்படுத்துவதோ மாதம் 1,250 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 1,700 ரூபாய்க்கு மேல் கைக்காசைப் போட்டு, முடிவில் 9,400 ரூபாய் வட்டியும் கட்டியிருப்பீர்கள்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது வண்டியின் வயதை. 2027-இல் 15 ஆண்டுப் பதிவு முடிகிறது. அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டித் தகுதி பெற்றால்தான் மேலும் ஐந்தாண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பார்கள். போட்ட பணம் திரும்பி வருவதற்குள் அந்தச் சோதனையைத் தாண்ட வேண்டிய வண்டியில், அதுவும் விற்கும்போது முழுதாகத் திரும்பக் கிடைக்காத ஒரு செலவை ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலிண்டருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். டிக்கியின் பெரும்பகுதி போய்விடும். முழுக் காப்பீடு வைத்திருந்தால் வழக்கமாகக் கிட் மதிப்பில் 4 விழுக்காடு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 2,500 ரூபாய், பிரீமியமும் கூடும்.

வீட்டு சிலிண்டர் யோசனையைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். அது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து. எந்த எரிவாயுக் கிட்டாக இருந்தாலும் உங்கள் மாடலுக்கு அங்கீகாரம் பெற்றதாக இருந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றப்பட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் விபத்து நேரும்போது இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படலாம்.

வேலை மாற்றத்தாலோ வேறு காரணத்தாலோ உங்கள் ஓட்டம் மாதம் 1,500 கிலோமீட்டரை எட்டினால், பதிவைப் புதுப்பித்த பிறகு, சேமிப்பிலிருந்து கிட் போடுவதைப் பற்றிப் பேசலாம். அப்போது ஒன்றரை ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். இப்போதைக்கு, தவணையாகக் கட்ட நினைத்த தொகையில் மாதம் 2,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போடுங்கள். 2027-இல் புதுப்பிப்புக்கும் அதற்கு முன் வரும் பழுதுகளுக்கும் அது உதவும். அடுத்த சர்வீஸின்போது எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களையும் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். எத்தனால் பழைய ரப்பரை அரிக்கக்கூடியது என்பதால், உங்கள் வண்டிக்கு இப்போது உண்மையில் தேவைப்படும் செலவு அதுதான்.