நெஞ்செரிச்சல்: இரைப்பை மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு எரிகிறது, தொண்டை வரை புளிப்பு ஏறுகிறது. நெஞ்செரிச்சல்தானா?

ஆமாம், அப்படித்தான் தெரிகிறது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. அது தளர்ந்தால் அமிலம் மேலே வரும். குனிந்தாலும் படுத்தாலும் எரிச்சல் கூடுவது அதனால்தான். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குக் கட்டை வையுங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும். வாரத்துக்கு 2 முறைக்கு மேல் வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: பால் குடிக்கலாமா?

அப்போதைக்கு இதமாக இருக்கும், பிறகு அமிலம் மறுபடி சுரக்கும்.

கேள்வி: அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை போட்டும் கேட்கவில்லை.

சாப்பிட்ட பிறகு போடுகிறீர்களா? சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். டாக்டர் சொல்லாமல் 14 நாளுக்கு மேல் தொடராதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது. கேஸ் மாத்திரை போட்டதும் பத்து நிமிடத்தில் சரியாகிறது. கேஸ்தானே?

கேஸ் என்று விட்டுவிடாதீர்கள். நடந்தால் வந்து, உட்கார்ந்தால் போகும் வலி இதய ரத்தக்குழாய் அடைப்பால் வரலாம். மாத்திரை போட உட்கார்ந்தாரே, அந்த ஓய்விலேயே வலி போயிருக்கலாம். நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விட்டது. இன்றே ஈசிஜி எடுங்கள்.

அவரே மீண்டும்: கை வலி இல்லை, ஏப்பம் விட்டால் லேசாகிறதே?

மாரடைப்பிலும் ஏப்பமும் குமட்டலும் வரும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கை வலியே இல்லாமல் வருவதுண்டு. என் எதிரே உட்காரும் நெஞ்செரிச்சல்காரர் பெரும்பாலும் மேல்வயிற்றிலிருந்து தொண்டை வரை விரலால் கோடு இழுத்துக் காட்டுவார். இதய வலி உள்ளவர் கையை மூடி நடுநெஞ்சில் வைத்து அழுத்துவார். அதை மட்டும் பார்த்து நானே முடிவு கட்டுவதில்லை. நீங்களும் வீட்டில் கட்ட வேண்டாம்.

கேள்வி: எனக்கும் மாத்திரையில் கேட்கிறது. அப்போ இதயத்தில் ஒன்றும் இல்லைதானே?

மேலே சொன்னதுதான். மாத்திரையில் கேட்பது இதயத்துக்குச் சாட்சி ஆகாது. தயவுசெய்து மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) எப்போது?

விழுங்கும்போது அடைத்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள், அவர் அனுப்புவார். ரத்த வாந்தியோ தார் போன்ற கறுப்பு மலமோ என்றால் நேரே அவசரப் பிரிவு.

கேள்வி: ஏழு மாத கர்ப்பம், எரிகிறது.

உங்கள் மகப்பேறு மருத்துவரைக் கேளுங்கள். மேல்வயிற்று வலியோடு தலைவலி, கண் மங்கல் இருந்தால் உடனே போங்கள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டவர்: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்கிறார்.

ஞாயிறு வேண்டாம், இன்றே. அதுவரை மாடி ஏற விடாதீர்கள். சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். போனை அவரிடம் கொடுத்து இதைப் படிக்கச் சொல்லுங்கள்.