விடியற்காலை நுரை

அன்புள்ள சார்,

எனக்கு 27 வயது. வேதிப் பொறியியலில் பி.டெக். முடித்து ஐந்து வருடமாக ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் இன்ஜினீயராக இருக்கிறேன். சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் பிஎச்டி செய்ய வேண்டும் என்ற எண்ணம் இரண்டு வருடமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு. “நீ முடிச்சு வரதுக்குள்ள முப்பத்திமூணு ஆயிடும்” என்கிறார் அம்மா. ஸ்டைபண்டில் வாழ முடியுமா, அதிகம் படித்துவிட்டாய் என்று அப்புறம் வேலையே தராமல் போய்விடுவார்களா என்றெல்லாம் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. வாயுவிலுள்ள வேண்டாத அமில வாயுக்களை அமீன் என்ற ரசாயனக் கரைசலால் கழுவியெடுக்கிற எங்கள் அமீன் கோபுரத்தில் அவ்வப்போது நுரை பொங்கும், பெரும்பாலும் விடியற்காலையில். நுரையடக்கி ஊற்றினால் அடங்கிவிடும். ஏன் பொங்குகிறது என்று கேட்டால் “அதான் அடங்கிடுச்சுல்ல, விடும்மா” என்கிறார்கள். எனக்கு விட முடியவில்லை. நான் சேரலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தின் முதல் பத்தியை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இரண்டாவதை நீங்கள் மட்டும்தான் எழுத முடியும். பயங்களை முதலில் முடித்துவிடுகிறேன்.

பணம்: ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு மாணவர் உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் வயிறு எரியும். ஆனால் பட்டினி இல்லை. கடன் ஏதும் இருந்தால் அடைத்துவிட்டுப் போங்கள். வேலையை விடாமல் பகுதிநேரமாகச் சேரவும் வழியுண்டு. ஷிப்ட் வேலையோடு அதைச் செய்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காலம்: யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடம் தருகிறார்கள்; மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கென்று 240 நாள் விடுப்பும் உண்டு. இதை அம்மாவிடம் காட்டுங்கள். கல்யாணம் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை: வெறும் ஆபரேஷன் வேலைக்கு பிஎச்டி தேவையில்லை, சில இடங்களில் இடைஞ்சலும்கூட. ஆலையில் மேலே ஏறுவதற்காக என்றால் சேர வேண்டாம்.

சரி, இப்போது நுரை. இந்தத் துறையில் பிஎச்டி என்றால் இன்னும் பெரிய பாடப்புத்தகங்களைப் படிப்பது என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். முந்திரிக்கொட்டை ஓட்டைக் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கிற வேலை. பண்ருட்டியிலிருந்து மூட்டையில் ஓடு வரும். அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். முதல் மாதம் முழுக்க விரல்களில் களிம்போடுதான் அலைந்தேன். நூறு கிராம் ஓடு உள்ளே போகும். கரி, எண்ணெய், வாயு மூன்றையும் கூட்டினால் தொண்ணூற்றொன்று. மறுபடி செய்தால் தொண்ணூறு. ஒன்பது கிராம் எங்கே போயிற்று?

பொருள் நிறை சமன்பாடு நமக்கெல்லாம் முதல் வருடப் பாடம். உள்ளே போனது வெளியே வர வேண்டும், இல்லையென்றால் உள்ளே தங்கியிருக்க வேண்டும். மளிகைக்கடைக் கணக்கு மாதிரிதான். நாலு மாதம் அந்த ஒன்பது கிராமைத் தேடினேன். வாயு கசிகிறதென்று நினைத்து மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவினேன், ஒரு குமிழி இல்லை. தராசைச் சரிபார்த்தேன். வாயு அளவி பொய் சொல்கிறது என்று கைடிடம் சண்டை போட்டேன். கடைசியில் எங்கள் லேப் அட்டெண்டர், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்த எல்போவ எடை போட்டீங்களா தம்பி?” என்றார். உலைக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவில் ஒரு சாண் குழாய், ஒரு வளைவு. சூடேற்றும் நாடா அதுவரை எட்டாததால் ஆவி அங்கேயே குளிர்ந்து படிந்திருக்கிறது. கழற்றி எடை போட்டால் ஏழு கிராம் கூடுதல். உள்ளே அல்வா பதத்தில் தார். மீதி இரண்டு கிராமை நான் கடைசிவரை பிடிக்கவில்லை. தீசிஸில் அதை ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். வைவாவில் தேர்வாளர் நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போனார்.

அந்த நாலு மாதம் எனக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் அலுக்கவில்லை. என்னோடு சேர்ந்த ஒரு நண்பர், என்னைவிடக் கெட்டிக்காரர், இதே மாதிரி ஒரு இடத்தில் “தொண்ணூறு போதும், பேப்பர் எழுதலாம்” என்றார். அவருக்குக் கணக்கு உறுத்தவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் வருடம் விட்டுவிட்டு மென்பொருளுக்குப் போனார், சந்தோஷமாக இருக்கிறார். உங்களுக்கு உறுத்துகிறது. நான் பார்ப்பது அதை மட்டும்தான்.

அப்புறம், ஆலையிலிருந்து வருவதைக் குறையாக நினைக்க வேண்டாம். உங்கள் அமீனுக்கே ஒரு பரம்பரை இருக்கிறது. வேதிப் பொறியாளர் எம். எம். சர்மா கேம்பிரிட்ஜில் பேராசிரியர் டாங்க்வெர்ட்ஸிடம் ஆய்வு செய்த காலத்தில், அமீன்களோடு கார்பன் டை ஆக்ஸைடு எவ்வளவு வேகமாக வினைபுரிகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று. 1964ல் பட்டம் வாங்கி மும்பைக்குத் திரும்பிப் பேராசிரியரானார்; 1990ல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். ஆலைகளோடு பேசிக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர்.

தலைப்பைவிட கைடைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அவருடைய பேப்பர் எண்ணிக்கை எனக்கு முக்கியமாகப் படவில்லை. அவரிடம் முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள் என்று அந்த மாணவர்களிடமே கேளுங்கள். முடிந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் லேபுக்குப் போய்ப் பாருங்கள். நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்தால் புதியது வர எத்தனை நாளாகும் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் சிரித்தால் யோசிக்க வேண்டிய இடம்.

அதற்கு முன் ஒரு வேலை. நுரைக்குக் காரணங்கள் பல: இரும்பு சல்பைடுத் தூள், சிதைந்த அமீன், கரி வடிகட்டி சோர்ந்துபோவது. ஆனால் விடியற்காலை என்கிறீர்களே, அதுதான் என்னை இழுக்கிறது. கோபுரத்துக்குள் போகிற அமீன், வாயுவைவிட ஐந்தாறு டிகிரி சூடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாயுவிலுள்ள கனமான ஹைட்ரோகார்பன்கள் உள்ளேயே குளிர்ந்து திரவமாகி நுரையைக் கிளப்பும். ராத்திரி குளிர்விப்பு நீர் ஜில்லென்று வரும். அமீன் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடுகிறதோ என்னவோ. அந்த இரண்டு வெப்பநிலைகளையும் நுரை பொங்கும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மார்கழியில் பொங்குவதும் சித்திரையில் பொங்குவதும் ஒரே மாதிரியா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.