மாமனாரின் டிடி 214-இல் விடுபட்ட பதக்கங்கள்: எதை, யாரிடம் கேட்பது?

கேள்வி: டாலஸில் வசிக்கிறேன். என் கணவர் அமெரிக்கர். மாமனாருக்கு 77 வயது. கட்டாய ராணுவச் சேவையில் 1968 மார்ச்சில் சேர்ந்து 1970 மார்ச்சில் வெளியே வந்தவர். பீரங்கிப் பிரிவு. 1968 ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து 1969 ஆகஸ்ட் வரை வியட்நாமில் இருந்தார். அவருடைய டிடி 214-இல் (ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் சான்றுத் தாள்) நேஷனல் டிஃபென்ஸ், வியட்நாம் சர்வீஸ், வியட்நாம் கேம்பெயின் என்று மூன்று பதக்கங்கள்தான் இருக்கின்றன. கூட இருந்தவர்களுக்கு இன்னும் நிறைய உண்டு. மோர்ட்டார் சிதறல் கையில் பட்டதற்கு, போரில் காயமடைந்தவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் வந்திருக்க வேண்டும் என்கிறார் அவருடைய நண்பர். ப்ரோன்ஸ் ஸ்டார் என்ற வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கு எழுதுவதாக அவருடைய லெப்டினன்ட் அப்போது சொன்னாராம். கோப்பே தீ விபத்தில் எரிந்துபோயிருக்கும் என்றும் சொல்கிறார்கள். ஒரு வழக்கறிஞர் கட்டணம் கேட்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

வழக்கறிஞருக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். நீங்கள் கேட்பவற்றில் பாதி, காகிதம் சரியாக இருந்தால் தானாகக் கிடைக்கக்கூடியது. மீதிப் பாதி, காகிதம் இல்லாவிட்டால் வழக்கறிஞராலும் வாங்கித் தர முடியாதது. எது எந்தப் பாதி என்று பிரித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

தீ விபத்துக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கேட்டவுடனேயே முயற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. ஆனால் எரிந்தது எல்லாம் அல்ல. தரைப்படையில் 1912 நவம்பர் 1-க்கும் 1960 ஜனவரி 1-க்கும் இடையில் விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போயின. விமானப் படையில் 1947 செப்டம்பர் முதல் 1963 முடிய வெளியேறியவர்களில், ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பிறகு அகரவரிசையில் வருபவர்களின் கோப்புகள் பெரும்பாலும் போயின. உங்கள் மாமனார் 1970-இல் வெளியே வந்தவர். அவருடைய கோப்பு அந்தத் தீயில் சிக்கியிருக்க வாய்ப்பில்லை.

அந்தக் கோப்பை வரவழைப்பதுதான் தொடக்கம். கவனியுங்கள், டிடி 214-ஐ அல்ல, முழுக் கோப்பை. டிடி 214 என்பது வீட்டுக்கு அனுப்பும் அன்று ஓர் எழுத்தர் கையில் இருந்ததை வைத்துத் தட்டச்சு செய்த சுருக்கம். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்த பையன் 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பான். எஸ்எஃப் 180 படிவத்திலோ, தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலோ விண்ணப்பிக்கும்போது, 'முழுமையான அதிகாரபூர்வப் பணியாளர் கோப்பு' வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் அதே டிடி 214-இன் இன்னொரு பிரதி வந்து சேரும். கட்டணம் கிடையாது.

விண்ணப்பத்தில் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். நீங்கள் எவ்வளவு அக்கறையுள்ள மருமகளாக இருந்தாலும் சரி, அவர் உயிருடன் இருக்கும்வரை அவருடைய ஒப்புதல் இல்லாமல் முழுக் கோப்பு உங்கள் கைக்கு வராது. அவர் காலமான பிறகு கேட்டாலும் நெருங்கிய உறவு என்ற கணக்கில் மறுமணம் செய்யாத துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் வருவார்கள். மருமகள் அதில் இல்லை. உங்கள் கணவர் கேட்கலாம். பணியிலிருந்து வெளியேறி 62 ஆண்டுகள் கழிந்த கோப்புகள் பொது ஆவணமாகிவிடும், ஆனால் இவருடைய கணக்கில் அது 2032. பழைய கதையைக் கிளற வேண்டாம் என்று பல பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உங்கள் மாமனாரும் அப்படி என்றால், பேரப்பிள்ளைகளுக்காக என்று சொல்லிப் பாருங்கள். பதக்கத்துக்காக என்பதைவிட அது பெரும்பாலும் பலிக்கும்.

கோப்பு வந்ததும் டிஏ ஃபார்ம் 20 என்ற நீளமான அட்டையைத் தேடுங்கள். ஒரு சிப்பாயின் ராணுவ வாழ்க்கை முழுக்க அதில்தான் இருக்கிறது. 31-ஆம் கட்டத்தில் வெளிநாட்டுப் பணியின் தேதிகள், 38-இல் எந்தெந்தப் பிரிவில் இருந்தார் என்பதும் ஒவ்வொன்றிலும் அவருடைய நடத்தைக்கும் திறமைக்கும் தரப்பட்ட மதிப்பீடும், 39-இல் போர்க்கட்டங்கள், 40-இல் காயங்கள், 41-இல் பதக்கங்கள். இந்த 41-ஐயும் டிடி 214-இன் 24-ஆம் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்டையில் இருந்து டிடி 214-இல் ஏறாமல் போனது ஏதாவது இருந்தால், அது வெறும் எழுத்தர் பிழை, எளிதாகத் திருத்தலாம்.

நீங்கள் கொடுத்த தேதிகளை மட்டும் வைத்தே சிலவற்றைச் சொல்லிவிடலாம். வியட்நாம் சர்வீஸ் மெடலின் ரிப்பனில், பங்கெடுத்த ஒவ்வொரு போர்க்கட்டத்துக்கும் ஒரு சிறிய வெண்கல நட்சத்திரம் வரும். ராணுவம் அந்தப் போரை 17 கட்டங்களாகப் பிரித்தது. 1968 ஆகஸ்ட் முதல் 1969 ஆகஸ்ட் வரை என்றால் நான்கு கட்டங்கள் வருகின்றன: நவம்பர் 1 வரை எதிர்த்தாக்குதல் ஐந்தாம் கட்டம், 1969 பிப்ரவரி 22 வரை ஆறாம் கட்டம், ஜூன் 8 வரை டெட் 69 எதிர்த்தாக்குதல், அதன் பிறகு கோடை-இலையுதிர் 1969. ஆக நான்கு நட்சத்திரங்கள். டிடி 214-இல் பதக்கத்தின் பெயர் மட்டும் இருந்து நட்சத்திரங்கள் விடுபட்டிருப்பது மிகச் சாதாரணம்.

இன்னொன்று கட்டாயம் விடுபட்டிருக்கும். தெற்கு வியட்நாம் அரசு கொடுத்த 'கேலண்ட்ரி கிராஸ் வித் பாம்' பிரிவு விருது. வியட்நாமில் இருந்த அமெரிக்கத் தரைப்படைக்கும் அதன் கீழ் இருந்த பிரிவுகளுக்கும் மொத்தமாக இதை வழங்கும் ராணுவத் தலைமையகத்தின் பொது ஆணை எண் 8 வந்தது 1974-இல்! உங்கள் மாமனார் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் கழித்து. 1970-இல் உட்கார்ந்திருந்த எழுத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? இது தவிர, அவருடைய பட்டாலியனுக்குத் தனியாகக் கிடைத்த பிரிவு விருதுகளும் இருக்கலாம். வியட்நாம் காலப் பிரிவு விருதுகளை ராணுவம் டிஏ பாம்ப்ளெட் 672-3 என்ற வெளியீட்டில் தொகுத்திருக்கிறது. அதில் அவருடைய பிரிவையும் தேதிகளையும் தேடுங்கள். கூட இருந்தவர்களின் பட்டியல் நீளமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அவர்கள் பின்னால் ஒருமுறை திருத்தம் கேட்டிருப்பார்கள், இவர் கேட்கவில்லை.

குட் காண்டக்ட் மெடல் (நன்னடத்தைப் பதக்கம்) கொஞ்சம் இடைப்பட்ட விஷயம். பொதுவாக மூன்று வருடச் சேவைக்கு என்றாலும், சேவை முடிந்து வெளியேறுபவருக்கு முதல் முறையாக ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாலே தரலாம். இரண்டு வருடக் கட்டாயச் சேவைக்காரர்களும் தகுதியானவர்களே. ஆனால் இது தானாக வராது, கமாண்டர் தர வேண்டும். 38-ஆம் கட்டத்தில் எல்லா மதிப்பீடுகளும் 'எக்ஸலன்ட்' என்று இருந்து, ராணுவ நீதிமன்றத் தண்டனையோ கமாண்டர் மறுத்ததற்கான குறிப்போ கோப்பில் எங்கும் இல்லையென்றால், ராணுவ ஆவணத் திருத்த வாரியம் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) பெரும்பாலும் சம்மதிக்கிறது. கேளுங்கள்.

காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ் (சண்டையில் இருந்த காலாட்படையினருக்கான சின்னம்) பற்றி யாராவது ஆசை காட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். அது காலாட்படை அல்லது ஸ்பெஷல் ஃபோர்சஸ் தொழில் எண் (ராணுவத்தில் அவரவர் வேலைக்கான குறியீடு) கொண்டவர்களுக்கு மட்டும். பீரங்கிக்காரர்கள் எவ்வளவு சண்டையில் இருந்திருந்தாலும் வராது. அநியாயம் என்று அவர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான். விதி அப்படி.

சரி, பர்ப்பிள் ஹார்ட். மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: காயம் எதிரியின் செயலால் நேர்ந்தது, அதற்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை ராணுவ ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது. மூன்றாவதில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுகின்றன. முகாமிலேயே மருத்துவ உதவியாளர் கட்டுப்போட்டு, மறுநாள் பீரங்கிக்குத் திரும்பியவரின் காயம் எங்கும் எழுதப்படாமலே போயிருக்கலாம். 40-ஆம் கட்டம் காலியாக இருந்தால், கோப்பில் உள்ள மருத்துவக் குறிப்புகளைப் பாருங்கள். வெளியேறும்போது நடந்த உடல் பரிசோதனைத் தாளில் கைத் தழும்பு பற்றி ஒரு வரி இருக்கக்கூடும். வாரியம் தன் பங்குக்கு வியட்நாம் காயமடைந்தோர் பட்டியலைப் பார்க்கும். பிரிவின் அன்றாட நடவடிக்கைக் குறிப்புகள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முகாம் மீது மோர்ட்டார் தாக்குதல் நடந்த தேதியும் காயமடைந்தவர்களின் எண்ணிக்கையும் அவற்றில் கிடைத்தால் பெரிய பலம். கூட இருந்த இருவர், கண்ணால் பார்த்ததைத் தேதியோடும் இடத்தோடும் எழுதிக் கொடுத்தால் அதையும் சேருங்கள். ஆனால் சாட்சிக் கடிதங்கள் மட்டும் தனியாகப் போனால் வாரியம் பெரும்பாலும் ஏற்பதில்லை. ராணுவ ஆவணங்கள் சரியானவை என்ற அனுமானத்தில்தான் வாரியம் தொடங்கும். தவறு என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. ஐம்பது வருடம் கழித்து விஏ (முன்னாள் படைவீரர் நலத்துறை) மருத்துவர் 'சிதறல் காயத் தழும்பு' என்று எழுதியதும் இதே கதிதான். தழும்பு இருப்பதற்கு அது சான்று, அது எப்படி வந்தது என்பதற்கு அல்ல.

இந்த ஒரு பதக்கத்துக்கு நடைமுறைப் பயனும் உண்டு என்பதால் சிரமப்பட்டுத் தேடலாம். விஏ மருத்துவமனைகளில் பர்ப்பிள் ஹார்ட் பெற்றவர்கள் முன்னுரிமைக் குழு 3-இல் வைக்கப்படுகிறார்கள். நான் மேலே சொன்ன மற்றவற்றால் பணமோ சலுகையோ கூடுதலாக வராது.

ப்ரோன்ஸ் ஸ்டார் முழுக்க வேறு பாதை. ரிப்பனில் வரும் சிறிய வெண்கல நட்சத்திரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இது தனிப் பதக்கம். அங்கே இருந்ததற்காகக் கிடைப்பது அல்ல அது. யாராவது பரிந்துரைத்து, மேலே ஒப்புதல் கிடைத்து, ஆணை பிறந்திருக்க வேண்டும். லெப்டினன்ட் எழுதுவதாகச் சொன்னதற்கும் ஆணை வந்ததற்கும் நடுவில் எத்தனையோ மேசைகள். ஆணை உண்மையிலேயே பிறந்து, அதற்குள் உங்கள் மாமனார் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் காகிதம் அவரைத் துரத்திக்கொண்டே போய்த் தொலைந்திருக்கலாம். இப்படி நிறைய நடந்திருக்கிறது. வியட்நாம் காலப் பொது ஆணைகளுக்கு 1965 முதல் 1973 வரை ஒரு கணினிப் பட்டியல் ராணுவத்திடம் இருக்கிறது, வாரியம் அதில் தேடும். ஆணை கிடைத்தால் வேலை முடிந்தது. கிடைக்கவில்லை என்றால், அவரோடு இருந்த அதிகாரி ஒருவர் இப்போது டிஏ ஃபார்ம் 638-இல் புதிதாகப் பரிந்துரை எழுத வேண்டும், அதை உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் வழியாக அனுப்ப வேண்டும். காலக்கெடு தாண்டிய பரிந்துரைகளுக்காகவே சட்டத்தில் இந்த வாசல் இருக்கிறது. லெப்டினன்ட் உயிருடன் இருக்கிறாரா என்று படைப்பிரிவின் பழைய உறுப்பினர் சங்கத்தில் இன்றே விசாரியுங்கள். அவருக்கும் எண்பதை நெருங்கும் வயது இருக்கும்.

இப்போது எதை எங்கே அனுப்புவது என்று பார்ப்போம். கோப்பிலேயே ஆதாரம் உள்ளவற்றுக்கு, அதாவது நட்சத்திரங்கள், பிரிவு விருதுகள் போன்றவற்றுக்கு, முதலில் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்திலேயே பதக்கச் சரிபார்ப்பு கேளுங்கள். அவர்கள் தகுதியைச் சரிபார்த்தால் பதக்கங்கள் பிலடெல்பியாவில் உள்ள ராணுவக் கிடங்கிலிருந்து இலவசமாக வரும். டிடி 214-ஐயே திருத்தவும் மற்றவற்றுக்கும், டிடி 149 படிவத்தில் ராணுவ ஆவணத் திருத்த வாரியத்துக்கு எழுத வேண்டும். இது சிவிலியன்கள் அமர்ந்திருக்கும் வாரியம், விர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் உள்ள ராணுவ மறுஆய்வு வாரியங்கள் முகமையின் கீழ் வருகிறது, இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். 'எல்லாப் பதக்கங்களையும் தாருங்கள்' என்று எழுதாதீர்கள். ஒவ்வொன்றின் பெயரையும், கோப்பில் எந்தத் தாள் அதைக் காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். தெளிவான ஆதாரம் இருப்பவற்றை வாரியம் கூடி விவாதிக்காமலே அலுவலக அளவில் சேர்த்துவிடுகிறார்கள். தவறு தெரிய வந்த மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி இருந்தாலும், நியாயம் கருதி அதைத் தளர்த்தும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. படிவத்தில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. விடுபட்டது இப்போதுதான் தெரிந்தது என்ற உண்மையை எழுதினால் போதும். ஒரு வருடம்வரை, சமயத்தில் அதற்கு மேலும் ஆகும். மூலப் பிரதிகளை அனுப்பவே வேண்டாம், நகல்கள் மட்டும்.

படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் உங்கள் கவுண்டியின் முன்னாள் படைவீரர் சேவை அலுவலரைப் பாருங்கள். அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூ போன்ற அமைப்புகளிலும் இதற்கான ஆட்கள் உண்டு. எல்லாம் இலவசம். பர்ப்பிள் ஹார்ட்டை வாரியம் நிராகரித்து, உங்களிடம் உறுதியான புதிய ஆதாரம் இருந்தால், அந்தக் கட்டத்தில் வழக்கறிஞரைப் பற்றி யோசிக்கலாம்.

வியட்நாம் கேம்பெயின் மெடல் ஏற்கெனவே டிடி 214-இல் இருந்தாலும், பெட்டியில் வரவில்லையே என்று பிலடெல்பியாவோடு சண்டைக்குப் போகாதீர்கள். அது வெளிநாட்டு அரசின் பதக்கம் என்பதால் அமெரிக்க ராணுவம் தருவதில்லை. கடையில் வாங்கி வைத்துக்கொள்வது முறையானதுதான். திருத்தம் ஏற்கப்பட்டால் பெரும்பாலும் டிடி 215 என்று ஒரு தாள் வரும். அது பழைய டிடி 214-க்குப் பதில் அல்ல, அதோடு சேர்த்து வைக்க வேண்டிய இணைப்பு. இரண்டையும் நகலெடுத்து ஒரு பிரதியை விஏ-வுக்கு அனுப்புங்கள், இன்னொன்றை உங்கள் கணவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.