பாக்கு இறுக்கிய வாய்: மயக்கத்துக்கு முன்பே ட்யூப் ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 56, எடை 60 கிலோ. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். பல வருடங்களாகப் பாக்கு மெல்பவர். இப்போது வாயில் ஒரு விரல்தான் நுழைகிறது. அதனால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டுவிட்டு, பிறகுதான் மயக்கம் கொடுப்போம் என்கிறார் மயக்க மருத்துவர். போன வருடம் அம்மாவுக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது தூங்கவைத்த பிறகுதான் ட்யூப் போட்டார்கள். கேமரா வைத்த கருவியெல்லாம் வந்துவிட்ட பிறகு அப்பாவுக்கு மட்டும் ஏன் இந்தச் சித்ரவதை? முதுகில் ஊசி போட்டுச் செய்ய முடியாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மயக்க மருத்துவர் சொல்வதுதான் சரி. எந்தக் கருவி புதியது என்பதற்கு முன்னால், மருந்து கொடுத்தால் அப்பாவின் வாய் திறக்குமா என்று பார்க்க வேண்டும். திறக்காது.

பாக்கில் உள்ள அரிகோலின், கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்கிவிடுகிறது. கன்னத்தின் உட்பக்கம் விரலால் தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்படும். உள்நாக்கு சுருங்கிப்போகும், நாக்கை வெளியே நீட்ட வராது. மயக்கத்தோடு நாங்கள் கொடுக்கும் தளர்ச்சி மருந்து தசையைத்தான் தளர்த்தும். நாரை ஒன்றும் செய்யாது. கடைவாய்ப் பல் வலியால் தாடை பூட்டிக்கொண்டவருக்கு அந்த மருந்தில் பெரும்பாலும் வாய் திறந்துவிடும். அப்பாவுக்கு மருந்துக்கு முன்னும் அதே ஒரு விரல், பின்னும் அதே ஒரு விரல்தான். அந்த மருந்து மூச்சையும் நிறுத்திவிடும்.

அம்மாவுக்கு நடந்தது வழக்கமான முறை. முதலில் மாஸ்க் வைத்து 3 நிமிடம் சுத்த ஆக்சிஜன். அப்படி நுரையீரலை நிரப்பிக்கொண்டால், மூச்சு நின்ற பிறகும் ஆரோக்கியமான ஒருவருக்கு 6 முதல் 8 நிமிடம் வரை ஆக்சிஜன் தாக்குப்பிடிக்கும். உடல் பருமன் உள்ளவருக்கு அதில் பாதிகூட இருக்காது. பிறகு தூக்க மருந்து, தளர்ச்சி மருந்து. குரல்வளையைப் பார்க்க உதவும் பிளேடு வைத்த கருவியான லாரிங்கோஸ்கோப்பை வாயின் வலது ஓரமாக நுழைத்து, நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, அடிநாக்குக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் அதன் நுனியை வைத்துத் தூக்குவோம். மருத்துவரின் கண்ணுக்கும் குரல் நாண்களுக்கும் இடையே நேர்கோடு கிடைக்க வேண்டும். அதற்காகக் கைப்பிடியை நெம்புகோல் மாதிரி பின்னால் சாய்த்தால் மேல்பல் உடையும். கைப்பிடி காட்டும் திசையிலேயே தூக்க வேண்டும். இந்த வளைந்த பிளேடை ராபர்ட் மேக்கின்டாஷ் என்ற மயக்க மருத்துவர் 1943-இல் வடிவமைத்தார். இன்றும் அன்றாட வேலைக்கு அதுதான்.

வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் கேமரா நுனிக்கருகில் இருப்பதால் அந்த நேர்கோடு தேவையில்லை. கழுத்து மடங்காதவர்களுக்கும் தாடை சிறியவர்களுக்கும் இது பெரிய வரம். 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2022-ஆம் ஆண்டு அலசலும், சாதாரண லாரிங்கோஸ்கோப்பைவிட இதில் ட்யூப் போட முடியாமல் போவது குறைவு என்றே சொல்கிறது. ஆனால் இதற்கென்றே ஒரு சிக்கல் உண்டு: திரையில் குரல் நாண்கள் பளிச்சென்று தெரியும், ட்யூப் மட்டும் அங்கே போகாது. அதிகம் வளைந்த பிளேடில் பார்வை மூலையைத் திரும்பிவிடுகிறது. ட்யூபும் திரும்ப வேண்டுமே! பிளேடின் வளைவுக்கேற்ப வளைத்த கம்பியை ட்யூபுக்குள் வைக்க வேண்டும், நுனி நாண்களைத் தாண்டியதும் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவ வேண்டும். திரையையே பார்த்துக்கொண்டு ட்யூபைத் தள்ளினால் அண்ணம் கிழியும். அதனால் வாய்க்குள் எதை நுழைத்தாலும் முதலில் கண் வாயில், பிறகுதான் திரையில்.

இவ்வளவுக்கும் வாயில் இடம் வேண்டும். ஒரு விரல் அகலம் என்றால் 1.5 முதல் 2 செ.மீ. எண் 7 ட்யூபின் உள்விட்டம்தான் 7 மி.மீ.; வெளிவிட்டம் 10 மி.மீ.-ஐ நெருங்கும். பிளேடும் அதுவும் சேர்ந்து அந்தச் சந்தில் நுழைந்து திரும்ப முடியாது. ட்யூபுக்குப் பதிலாகத் தொண்டையில் உட்கார்த்தும் எல்எம்ஏ என்ற சிறு மாஸ்குக்கும் இதே தடை.

முதுகு ஊசியில் இந்த ஆபரேஷனைச் சில இடங்களில் செய்கிறார்கள். ஆனால் வயிற்றுக்குள் அடைக்கும் கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும்போது தோள்பட்டை வலி தாங்காமல் நோயாளி தவிப்பதுண்டு. நடுவில் முழு மயக்கம் தேவைப்பட்டால், வயிறு திறந்த நிலையில், அவசரத்தில், அதே ஒரு விரல் வாயில் ட்யூப் போட வேண்டிவரும். அப்பாவுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மிச்சமிருப்பது மூக்கு வழி. ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் என்பது விரும்பிய பக்கம் வளையும், பென்சிலைவிட மெலிந்த ஒரு கேமராக் குழாய். ட்யூபை அதன்மேல் கோத்துக்கொண்டு, மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, ட்யூபை அதன்மேலேயே வழுக்கிவிடுவோம். அப்பா தன் மூச்சைத் தானே விட்டுக்கொண்டிருப்பார். முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பார்க்கலாம். தூங்கவைத்த பிறகு அந்த வசதி கிடையாது.

சித்ரவதை என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாக மரக்கவைக்காமல் செய்தால் அது சித்ரவதைதான். அதனால் ஸ்கோப் வேலையைவிட மரக்கவைக்கும் வேலைக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். எச்சிலை உலர்த்த 0.2 மி.கி. கிளைகோபைரோலேட் முன்கூட்டியே போடுவார்கள். எச்சில் இருந்தால் மரப்பு மருந்தும் ஒட்டாது, கேமராவும் மங்கும். மூக்கின் ரத்தக்குழாய்கள் சுருங்க சைலோமெட்டாசோலின் சொட்டு. மரப்பு மருந்தான 4 சதவீத லிக்னோகெயின் (மி.லி.-க்கு 40 மி.கி.) 4 மி.லி. நெபுலைசரில். அதே மருந்து 2 முதல் 3 மி.லி., கழுத்தின் முன்பக்கம் மெல்லிய ஊசி வழியாக மூச்சுக்குழாய்க்குள். அப்போது வரும் இருமலே மருந்தை எல்லாப் பக்கமும் பரப்பிவிடும். மொத்த லிக்னோகெயின் கிலோவுக்கு 9 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது. அப்பாவுக்கு 540 மி.கி. மேலே சொன்ன இரண்டும் சேர்ந்து 280-க்குள் அடங்கும், மிச்சம் போகும் வழியில் தெளிக்க. உதட்டைச் சுற்றி மரமரப்பு, காதில் ரீங்காரம் என்றால் அளவு மிஞ்சுகிறது என்று அர்த்தம். உடனே சொல்லச் சொல்லுங்கள். லேசான அமைதி மருந்தும் கொடுப்பார்கள், கூப்பிட்டால் பதில் சொல்லும் அளவுக்கு மட்டும்.

தொண்டை மரத்ததும் விழுங்குவது தெரியாது. மூச்சே வராததுபோலத் தோன்றும், வந்துகொண்டுதான் இருக்கும். இதை முன்னாலேயே அப்பாவிடம் சொல்லிவையுங்கள், பாதிப் பயம் போய்விடும். ட்யூப் உள்ளே போனதும் பேச்சு வராது, அதனால் கைச்சைகை ஒன்றைப் பேசிவைத்துக்கொள்ளட்டும்.

இதில் கெடுவது பெரும்பாலும் ரத்தத்தால். மூக்கில் கசிந்தால் கேமராவுக்குச் சிவப்பு தவிர எதுவும் தெரியாது. அதனால்தான் எண் 6.5 போன்ற சிறிய ட்யூபை வெந்நீரில் மென்மையாக்கி, ஜெல்லி தடவிப் போடுகிறோம். ஸ்கோப் இல்லாத இடங்களில் மூச்சின் ஓசையைக் கேட்டபடி குருட்டாம்போக்கில் மூக்கு வழியாக ட்யூப் போடும் பழைய முறையும் உண்டு. அதில் ரத்தம் வந்துவிட்டால் பிறகு ஸ்கோப்பும் உதவாது. இன்னொரு சிக்கல், ஸ்கோப் போன இடத்துக்கு ட்யூப் போகாமல் குரல்வளையின் வலப்பக்கக் குருத்தெலும்பில் முட்டி நிற்பது. பலம்கொண்டு தள்ளக் கூடாது. சற்றுப் பின்னிழுத்து, கடிகார முள்ளுக்கு எதிராகக் கால் வட்டம் திருப்பி, ஆழ மூச்சிழுக்கச் சொன்னால் பெரும்பாலும் இறங்கிவிடும். மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடின் அலை மானிட்டரில் வந்த பிறகுதான் மயக்க மருந்து.

ட்யூபை எடுக்கும் நேரமும் இதே அளவு கவனம் கேட்கும். 2011-இல் வெளிவந்த பிரிட்டனின் தேசியத் தணிக்கையில், மயக்கம் தொடர்பான மூச்சுவழி விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மயக்கம் தெளியும் கட்டத்தில் நடந்தவை. அப்பா கண் திறந்து, சொன்னதைச் செய்த பிறகே ட்யூப் வெளியே வர வேண்டும். கழுத்தில் துளையிட்டு வழி எடுக்கக்கூடிய ஒருவர் தொடக்கத்திலும் முடிவிலும் தியேட்டரில் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மூக்குத்துளையில் காற்று நன்றாகப் போகிறது, மூக்கில் முன்பு ஆபரேஷன் ஏதும் நடந்ததா, ஆடும் பல் உண்டா என்பதைச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திட உணவு 6 மணி நேரம் முன்பும், தண்ணீர் 2 மணி நேரம் முன்பும் நிற்க வேண்டும். பாக்கை இன்றே விடச் சொல்லுங்கள். விட்டாலும் நார் கரையாது, ஆனால் வாயை இறுக்கும் இந்த நார் நோய் வாய்ப் புற்றுநோயாக மாறக்கூடியது. 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் பித்தப்பைக்கு முன்னால் அதைக் காட்டுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது, எந்த முறையில், எந்த அளவு ட்யூப் போட்டார்கள் என்று மயக்க மருத்துவரிடம் எழுதி வாங்கி, அப்பாவின் பழைய ரிப்போர்ட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.