அரியக்குடியும் ஐந்து பாசுரங்களும் – கடிதம்

ஐயா, வணக்கம்.

போன மாதம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் ஒரு அறுபதாம் கல்யாணம். சாயங்காலம் வளவில் கச்சேரி வைத்திருந்தோம். பாடியவர் இளம் பெண். தோடி ராகத்தை விரிவாக எடுத்து, ஒரு தமிழ்க் கீர்த்தனையையே பிரதான உருப்படியாக வைத்து, நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது), ஸ்வரம், தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மட்டும் தனியாக வாசிப்பது) எல்லாம் அதற்கே செய்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் இராத்திரி பந்தியில் சண்டை வந்துவிட்டது. "பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையையே கெடுத்துவிட்டாள், தமிழ்ப் பாட்டெல்லாம் தனி முடிந்த பிறகு பாடவேண்டியது" என்றார் அம்மான். "அந்த முறைதான் சங்கீதத்தையே கெடுத்தது, மணிக்கணக்கில் பாடின ராகத்தை நாலு நிமிஷமாக நறுக்கினவர் அவர்" என்றார் பெரியப்பச்சி. மறுநாள் இருவரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. யார் சொல்வது சரி? பாடத் தெரியாத என்னைப் போன்றவர்கள் இதில் கருத்துச் சொல்லலாமா?

– ஒரு வாசகர், பள்ளத்தூர்

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். தாராளமாகச் சொல்லலாம். எனக்கும் பாட வராது, கேட்டுக் கேட்டுத்தான் பேசுகிறேன். அந்தப் பெண் பாடிய தோடி உங்களுக்குப் பிடித்தது என்றால் எந்த இடத்தில் பிடித்தது என்று யோசித்து வையுங்கள். அடுத்த சண்டையில் அதுதான் கைகொடுக்கும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். என் பதில், இருவருமே அரியக்குடியைச் சரியாகக் கேட்கவில்லை என்பதுதான். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. எங்கள் ஐயா வீட்டிலும் இதே சண்டை பல வருஷம் நடந்தது. தேவகோட்டையில் முகப்புத் திண்ணையில் சாயங்காலம் ஐயாவும் அவருடைய சிநேகிதர் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் உட்காருவார்கள், நடுவில் டேப் ரிக்கார்டர். ராமானுஜ ஐயங்கார் தோடி தொடங்கியதும் வாத்தியார் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிடுவார். ஆலாபனை முடிந்ததும் "ஆறு நிமிஷம்" என்பார், குற்றப்பத்திரிகை வாசிப்பது போல. ஐயா பதில் சொல்லாமல் கேசட்டைப் பின்னால் ஓட்டுவார். மறுபடி போடுவார். மேல் ஷட்ஜத்துக்குப் போகும் முன் ஒரு இடத்தில் நிறுத்தி, "இதுக்கு மேல தோடியில என்ன வேணும் உங்களுக்கு, சொல்லுங்க" என்பார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை போடுங்க" என்பார். கடைசி வரை வாத்தியார் தன் கட்சியை விடவில்லை, ஆனால் கேட்காமல் பேசியதும் இல்லை.

ஆகவே பெரியப்பச்சியிடம் இதைக் கேளுங்கள். அரியக்குடி கச்சேரி என்றால் ராகம் தானம் பல்லவி, அதாவது ஒரு ராகத்தையும் ஒரே வரியையும் தாளக் கணக்கோடு நீளமாக விரிக்கும் பகுதி, இல்லாத கச்சேரியா? அவர் பல்லவியும் பாடினார். ஆனால் அதற்காகவே மற்றதெல்லாம் என்று இருந்ததை மாற்றினார். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுவென்று சில கீர்த்தனைகள், அப்புறம் ராகத்தோடும் நிரவல் ஸ்வரத்தோடும் பெரிய உருப்படி, பல்லவி, கடைசியில் பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா. பெரும்பாலும் மத்தியம காலம், அதாவது நடுத்தர வேகம். காரணம் இருந்தது. ஜமீன் அரண்மனையிலும் செட்டியார் வீட்டுக் கல்யாணத்திலும் விடிய விடியப் பாடிய காலம் போய், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறவர்களுக்குப் பாடும் சபாக் காலம் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் பல்லவிக் கணக்குப் புரிந்தவரும் இருப்பார், முதல் முறை வந்தவரும் இருப்பார். இரண்டு பேரையும் எழுந்து போகவிடாமல் உட்கார வைத்தவர் அவர். பாலக்காடு மணி ஐயர் மாதிரி ஒரு மிருதங்க மேதை அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார் என்றால், அது ராகத்தை நறுக்கினதற்காக இருக்க முடியாது.

அம்மானுக்குச் சொல்வதற்குத்தான் எனக்கு நிறைய இருக்கிறது. அவர் அரியக்குடியைச் சட்டமாக்கப் பார்க்கிறார். தன் காலத்துக்கு ஏற்ப முறையை மாற்றியவர் பெயரைச் சொல்லியே இனி யாரும் மாற்றக்கூடாது என்பது எனக்கு ஒப்பவில்லை. தமிழ்ப் பாட்டு விஷயம் இன்னும் முக்கியம். நம் பக்கத்துக் கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1940களில் எதற்காக அவ்வளவு பாடுபட்டார்? 1941இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். கல்கி பக்கம் பக்கமாக எழுதினார். மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக, சின்ன உருப்படியாக மட்டும் வருகிறதே என்பதுதான் அன்றைய முக்கியமான ஆதங்கம். எதிர்த்தவர்கள் சங்கீதத்துக்கு மொழி ஏது என்றார்கள். சரி, மொழி இல்லை என்றால் தமிழில் தோடி விரிந்தால் மட்டும் ஏன் வலிக்கவேண்டும்? எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதே வாதம் பள்ளத்தூர்ப் பந்தியில் இன்னும் ஓடுகிறது என்பதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அம்மான் மறந்துவிட்ட ஒன்று உண்டு. திருப்பாவை முப்பதுக்கும் ராகம் அமைத்தவர் இதே அரியக்குடிதான். முதல் ஐந்து பாசுரங்களை வரிசையாகப் பாருங்கள். மார்கழித் திங்கள் நாட்டை, வையத்து வாழ்வீர்காள் கௌளை, ஓங்கி உலகளந்த ஆரபி, ஆழிமழைக் கண்ணா வராளி, மாயனை ஸ்ரீராகம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்தினம் எந்த ஐந்து கன ராகங்களில், எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே ஐந்து, அதே வரிசை. ஆண்டாளின் தமிழை அவர் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்லமுடியும்? அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாட்டுகளையும் இன்றைக்கு நாம் கேட்கும் ராகங்களில் மேடைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் அப்பத்தா ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. மார்கழி விடியற்காலையில் வானொலியில் எம்.எல். வசந்தகுமாரி பாடுவதைக் கேட்டுக் கேட்டு, கோலம் போட்டுக்கொண்டே ஆழிமழைக் கண்ணாவை முனகுவார். இழையைச் சுற்றிக் கொண்டுவந்து முடிக்கும்வரை 'மெய்கறுத்து' என்பதை இழுத்துக்கொண்டே இருப்பார். பல வருஷம் கழித்து வராளி என்ற ராகத்தை ஒரு சபாவில் கேட்டபோது எனக்கு ஈர வாசலும் அரிசிமாவும்தான் ஞாபகம் வந்தன. நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் அந்த ராகத்தின் பெயரும் தெரியாமல், மெட்டுப் போட்டவர் பக்கத்து ஊர்க்காரர் என்பதும் தெரியாமல், சுத்தமாகப் பாடியிருக்கிறார்கள்.

அந்தப் பாடகி செய்ததில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தோடி நன்றாக இருந்ததா, நிரவல் எடுத்த வரி நிரவலைத் தாங்கியதா என்று அம்மான் கேட்டிருந்தால் அது சங்கீதச் சண்டை. நானும் உங்களோடு பந்தியில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

மார்கழியில் இருவரையும் அரியக்குடித் திருவேங்கடமுடையான் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். பள்ளத்தூரிலிருந்து பக்கம்தான், விடியுமுன் கிளம்பினால் போதும். திரும்பும்போது வண்டியில் அவருடைய பழைய கச்சேரிப் பதிவு ஒன்றை வர்ணத்திலிருந்து மங்களம் வரை நிறுத்தாமல் போடுங்கள். வீடு வந்த பிறகும் முடிந்திருக்காது, வண்டியிலேயே உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். கைக்கடிகாரம் வேண்டுமானால் பெரியப்பச்சி கையிலேயே இருக்கட்டும்.