ஜப்பானியர்கள் புத்தாண்டைப் பாரம்பரியமாக எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

வாணவேடிக்கை, தெருவெல்லாம் கூட்டம், ஆட்டம் பாட்டம் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே புத்தாண்டு குடும்பப் பண்டிகை. பிழைப்புக்காக டோக்கியோ, ஒசாகா என்று போனவர்கள் ஷின்கான்சென் அதிவேக ரயில் பிடித்துச் சொந்த ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். 1873-ல் மெய்ஜி அரசு கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியதிலிருந்து ஜனவரி 1 தான் புத்தாண்டு. தேதிதான் மாறியது, பழக்கவழக்கங்கள் பெரும்பாலும் பழையவையே.

அத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. தொஷிகாமி என்கிற ஆண்டுத் தெய்வம் அன்று வீடு தேடி வருகிறது. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். சாமி வரும் வீடு என்பதால் டிசம்பர் கடைசியில் மூலை முடுக்கு விடாமல் துடைத்துக் கழுவுகிறார்கள். சாமிக்கு வாசல் அடையாளம் தெரிய மூங்கிலும் பைன் கிளையும் சேர்த்துக் கட்டிய கதொமாத்சு. உள்ளே சாமி தங்க காகாமி மொச்சி, அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த இரண்டு வட்ட அரிசிக் கட்டிகள், உச்சியில் ஒரு ஆரஞ்சு வகைப் பழம். இவற்றை 31-ம் தேதி அவசர அவசரமாக வைத்தால் சாமிக்கு மரியாதைக் குறைவு என்பதால் முன்கூட்டியே வைத்துவிடுவார்கள்.

31 இரவு சோபா நூடுல்ஸ் சாப்பிடுவது கட்டாயம் மாதிரி. பல வீடுகளில் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கேயின் பாட்டுப் போட்டி ஓடும், 1951-லிருந்து நடக்கிறது. நள்ளிரவை ஒட்டி புத்த கோயில்களில் 108 முறை மணி அடிப்பார்கள், மனிதனின் 108 ஆசாபாசங்களும் விலகட்டும் என்று. கியோட்டோவின் சியோன்-இன் கோயில் மணியை முடிந்தால் வீடியோவிலாவது பாருங்கள். 1636-ல் வார்த்தது, எடை சுமார் 70 டன். 17 துறவிகள் சேர்ந்து அடிக்கிறார்கள். 16 பேர் மணியில் மோதும் உத்திரக் கட்டையின் கயிறுகளைப் பிடித்திழுக்க, முன்னால் நிற்பவர் தன் கயிற்றோடு மல்லாந்து விழுகிற மாதிரி உடம்பையே பின்னால் எறிவார். அதற்கப்புறம்தான் அந்த ஓசை.

முதல் நாள் காலைச் சாப்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது குச்சிகள்தான். வழக்கமான சாப்பாட்டுக் குச்சிக்கு ஒரு முனைதான் கூர்மை. அன்று வைக்கிற குச்சிக்கு இரு முனையும் கூர்மை: ஒன்று நமக்கு, மற்றது கூடவே உட்கார்ந்து சாப்பிடும் சாமிக்கு. அந்த முனையைத் திருப்பி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. விருந்தாளியோடு பந்தியில் உட்காருவதை இவ்வளவு எளிமையாகச் சொல்லும் பொருள் வேறெதையும் நான் பார்த்ததில்லை.

அடுக்குப் பெட்டியில் வருவது ஒசேச்சி என்கிற புத்தாண்டுச் சாப்பாடு. பண்டிகை நாட்களில் அடுப்பு மூட்டாமல் இருக்கவென்று முன்பே சமைத்து வைப்பதால் இனிப்பும் உப்பும் தூக்கலாக இருக்கும். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு அர்த்தம் உண்டு. இறால் வளைந்திருப்பதால் முதுகு கூனும்வரை ஆயுள். மீன் முட்டைக்குப் பிள்ளைச் செல்வம். தாமரைக் கிழங்கின் ஓட்டை வழியாக வரப்போகும் காலம் தெரியும். சர்க்கரைப் பாகில் பிரட்டிய குட்டி மத்தி நல்ல விளைச்சலுக்கு, ஏனென்றால் ஒரு காலத்தில் மத்தியை வயலுக்கு உரமாகப் போட்டார்கள். கூடவே மொச்சி போட்ட ஸோனி சூப். டோக்கியோ பக்கம் சதுர மொச்சியைச் சுட்டுத் தெளிந்த ரசத்தில் போடுவார்கள். கியோட்டோவில் வட்ட மொச்சி, வெள்ளை மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) கரைத்த ரசம். மொச்சி தொண்டையில் சிக்கி முதியவர்கள் இறப்பது ஆண்டுதோறும் நடப்பதால், சின்னத் துண்டாக வெட்டிச் சாப்பிடுங்கள் என்று தீயணைப்புத் துறை எச்சரிக்கும். நீங்களும் கவனம்.

பிள்ளைகளுக்குச் சின்ன உறையில் பணம் உண்டு. நெங்காஜோ வாழ்த்து அட்டைகளை டிசம்பர் 25-ம் தேதிக்குள் போட்டால் தபால்காரர்கள் சரியாக 1-ம் தேதி கொண்டுவந்து தருவார்கள். அந்த ஆண்டு வீட்டில் சாவு விழுந்திருந்தால் அட்டை அனுப்புவதில்லை. முன்கூட்டியே கடிதம் எழுதித் தெரிவித்துவிடுவார்கள். இப்போது அட்டை எழுதுவது வேகமாகக் குறைந்துவருகிறது, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

7-ம் தேதி ஏழு கீரை போட்ட கஞ்சி. 11-ம் தேதி வாக்கில் காகாமி மொச்சியை உடைத்துச் சாப்பிடுவார்கள். கத்தி படக்கூடாது, சுத்தியல்தான். 15-ஐ ஒட்டி வாசல் அலங்காரங்களைத் திடலில் குவித்து எரிப்பது, கிட்டத்தட்ட நம் போகி நாளிலேயே, நம் போகி மாதிரியே.

அந்தச் சமயம் ஜப்பான் போகிறவர்களுக்கு ஒன்று: முதல் மூன்று நாளில் டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்குச் சுமார் 30 லட்சம் பேர் வருகிறார்கள், வரிசையிலேயே பொழுது போய்விடும். தங்கியிருக்கும் தெருவுக்குப் பக்கத்துச் சின்ன ஆலயத்துக்கு நள்ளிரவில் போங்கள். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிந்து கும்பிட வேண்டும். பல இடங்களில் சூடாக அமாஸாக்கே என்கிற இனிப்பான அரிசிப் பானம் கொடுப்பார்கள், வாங்கிக் குடியுங்கள்.