திரும்பி வந்தவரின் கதை

அன்புள்ள அக்கா,
வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகனுக்குப் பதினாலு வயது. தன் வயதுப் பெடியன் ஒருவன் எவரெஸ்ட் ஏறும் ஆங்கில நாவலை வாசித்துவிட்டு, தானும் மலையேறப் போவதாக நிற்கிறான். ஓ.எல். பரீட்சை வருகிறது. இப்படியான புத்தகங்களைத் தடுக்கலாமா? தமிழில் ஏன் இவை குறைவு?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,
தடுக்காதீர்கள். பறித்தால் ஒளித்து வைத்து வாசிப்பான். தமிழில் ஏன் குறைவு என்பதை இன்னொரு நாள் பேசலாம்.

அந்தப் பெடியன் உச்சியைத் தொடுகிறானா, பாதியில் திரும்புகிறானா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நீங்கள் அதை வாசிக்கவில்லை. வாசிக்காத புத்தகத்துக்குத் தடை போட வருவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

உச்சியா, திரும்புவதா என்பதைத்தான் நானும் கொஞ்சக் காலமாக யோசிக்கிறேன். 2010இல் அமெரிக்காவின் ஜோர்டன் ரொமேரோ, 2014இல் இந்தியாவின் மாலாவத் பூர்ணா, இருவரும் 13 வயதில் எவரெஸ்ட் ஏறினார்கள். நேபாளத்தில் 16 வயதுக்கு முன் அனுமதியில்லை என்பதால் திபெத் பக்கத்தால் ஏறினார்கள். கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும், சரி. ஆனால் 8,000 மீற்றருக்கு மேலே மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். மூளை தடுமாறும். அதனால்தான் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கீழேயே முடிவு செய்துகொண்டு ஏறுகிறார்கள். இளையோருக்கான மலையேற்றக் கதையின் உயிர் அந்தத் திரும்பும் நேரத்தில் இருக்கிறது.

2016இல் ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். கூடப் போன யொஹான் பீரிஸ், உச்சிக்கு ஏறத்தாழ 400 மீற்றர் இருக்கையில் ஒட்சிசன் சிக்கலால் திரும்பினார். 2018இல் மறுபடி போய் ஏறினார். எனக்கு அவருடைய 2016தான் பெரிது. அத்தனை பணமும் உழைப்பும் போட்டுவிட்டு, கண்ணுக்கு முன்னால் நிற்கும் உச்சியை விட்டு இறங்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நாங்களோ ஓ.எல்.லில் ஒன்பது பாடத்துக்கும் ஒன்பது ஏ என்று ஒரே உச்சியைக் காட்டிப் பிள்ளைகளை ரியூசனுக்குத் துரத்துகிறோம். எட்டு ஏ எடுத்த பிள்ளை வீட்டில் முகத்தைக் காட்டப் பயப்படுகிறது. இந்தக் கொழும்பில் அப்படி அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சிறுவயதில் அப்பா எங்களைச் சிவனொளிபாத மலைக்குக் கூட்டிப் போனார். மேலே போய் மணி அடிப்பதுதான் எங்கள் கனவு. பாதிவழியில் தம்பிக்குக் காய்ச்சல் ஏறியது. "இறங்குவம்" என்றார் அப்பா. ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. தம்பியை முதுகில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினார்.

முதலில் நீங்கள் அந்த நாவலை வாசியுங்கள், தங்கச்சி. டிசம்பர் போயாவோடு சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கும். அப்போது மகனை நல்லதண்ணிப் பாதையால் கூட்டிப் போங்கள். எங்கே திரும்புவது என்பதை அவனே தீர்மானிக்கட்டும்.